கடலடிச் சேற்றில் பழைய வெப்பக் கணக்கு

பருவ மழை தவறினால் விவசாயி வானத்தைப் பார்க்கிறார். வானிலை நிபுணர் கடலைப் பார்க்கிறார். தென்மேற்குப் பருவக் காற்று கொண்டுவரும் ஈரம் அரபிக் கடலிலும் அதற்குத் தெற்கே உள்ள இந்துமாக் கடலிலும் ஏறிய ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டின் ஏரி குளங்களை நிரப்பும் வடகிழக்குப் பருவக் காற்று வங்கக் கடலில் நீரை முகந்துகொண்டு வருகிறது. கடலின் மேல்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆவியாகும் நீரின் அளவும் புயலின் வலுவும் மாறுகின்றன. மேல்பரப்பு வெப்பம் சுமார் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் புயல் உருவாகி வலுப்பெறுவதற்கு ஏற்ற நிலை உண்டாகிறது.

இந்தக் கடல் வெப்பம் கூடிக்கொண்டே போகிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மாத்யூ கோலும் அவருடைய குழுவினரும் 2014-ல் வெளியிட்ட கணக்குப்படி, 1901 முதல் 2012 வரையிலான காலத்தில் மேற்கு இந்துமாக் கடலின் கோடைக்கால மேல்பரப்பு வெப்பம் 1.2 டிகிரி உயர்ந்துள்ளது. இது வழக்கமாக ஏறி இறங்கும் ஏற்றமா, அல்லது இதுவரை இல்லாத ஒன்றா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லப் பழைய கணக்கு வேண்டும். அங்கேதான் சிக்கல்.

கடல் நீரின் வெப்பத்தை மனிதன் ஒழுங்காகக் குறித்துவைக்கத் தொடங்கிச் சுமார் 170 ஆண்டுகளே ஆகின்றன. 1853-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய கடலோடி நாடுகள், கப்பல் குறிப்பேடுகளை ஒரே முறையில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தன. வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, மொண்ட நீரில் வெப்பமானியை வைத்துப் பார்ப்பார்கள். கப்பல் போகாத பாதையில் கணக்கும் இல்லை. செயற்கைக்கோள் மூலம் கடல் முழுவதையும் அளப்பது 1980-ஐ ஒட்டித்தான் நடைமுறைக்கு வந்தது. இதை மட்டும் வைத்துக்கொண்டு கடலின் குணத்தைச் சொல்வது, ஒரு நிலத்தில் இரண்டு போகம் பார்த்துவிட்டு அந்த மண்ணின் தன்மையை முடிவு கட்டுவது போலத்தான்.

ஆனால் கடல் தன் கணக்கைத் தானே எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு கடலடிச் சேற்றில், ஒரு வகைப் பாசியின் கொழுப்பில் இருக்கிறது.

மார்கழித் தேங்காயெண்ணெய்

கடலின் மேல்பரப்பில் வெயில் படும் நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் வளர்கின்றன. அவற்றுள் ஒன்று எமிலியானியா ஹக்ஸ்லியி. இதில் சுமார் 200-ஐ வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். உடலைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளைக் கேடயம் போல அணிந்திருக்கும். வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கும் பயிர் இது. பருவம் கூடினால் கடலில் பல நூறு கிலோமீட்டர் பரப்புக்கு நீரே பால் கலந்தது போலத் தெரியும்.

இந்தப் பாசியும் இதன் நெருங்கிய இனங்களும் தங்கள் உடலில் ஆல்கீனோன் என்ற ஒரு வகைக் கொழுப்புப் பொருளைச் சேர்த்து வைக்கின்றன. 37 கார்பன் அணுக்கள் சங்கிலி போலக் கோத்த நீண்ட பொருள் இது. அந்தச் சங்கிலியில் சில இடங்களில் கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருக்கும். சிலவற்றில் இரண்டு இரட்டைப் பிணைப்பு, சிலவற்றில் மூன்று.

இரட்டைப் பிணைப்பின் வேலை என்ன என்பதை நம் வீட்டு எண்ணெயை வைத்தே சொல்லலாம். மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் கட்டிவிடுகிறது. கடலை எண்ணெய் கட்டுவதில்லை. தேங்காயெண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு, கடலை எண்ணெயில் அதிகம் என்பதே காரணம். குளிரில் வாழும் உயிர்கள் பொதுவாகத் தம் கொழுப்பில் இரட்டைப் பிணைப்பைக் கூட்டிக்கொள்கின்றன. இந்தப் பாசியும் குளிர்ந்த நீரில் வளரும்போது மூன்று பிணைப்புள்ள ஆல்கீனோனை அதிகமாகவும், வெதுவெதுப்பான நீரில் இரண்டு பிணைப்புள்ளதை அதிகமாகவும் செய்கிறது. ஆல்கீனோன் பெரும்பாலும் சேமிப்புக் கொழுப்பு என்றே கருதப்படுவதால், பாசி இதை ஏன் மாற்றுகிறது என்பதில் அறிஞர்களிடையே விவாதம் தீரவில்லை. மாற்றுகிறது என்பதில் மட்டும் விவாதம் இல்லை.

பாசி சாகிறது, அல்லது சிறு கடல் பூச்சிகள் அதைத் தின்கின்றன. பூச்சியின் எச்சத்தோடு சேர்ந்து கொழுப்பும் கடலடிக்கு இறங்குகிறது. தனியாக மிதந்து இறங்குவதானால் இத்தனை நுண்ணிய பாசி அடியைத் தொட வெகுகாலம் ஆகும். எச்சமாகக் கட்டியாக இறங்குவதால் விரைவில் சேர்ந்துவிடுகிறது. சாதாரணக் கொழுப்பானால் வழியிலேயே செரித்துவிடும். ஆல்கீனோனில் இரட்டைப் பிணைப்புகள் இயற்கையில் அரிதாகக் காணப்படும் ஒரு கோணத்தில் அமைந்துள்ளன. அதனால் மற்ற உயிர்களால் அதை எளிதில் செரிக்க முடிவதில்லை. பாக்டீரியா ஓரளவு அழித்தாலும் இரண்டு வகையையும் ஏறத்தாழ ஒரே அளவில் அழிக்கிறது. மூட்டை ஓட்டையாகி நெல் சிந்தினாலும், மீதி நெல்லில் பதரின் விகிதம் மாறாமல் இருப்பது போன்றது இது. விகிதம் நின்றால் போதும், வெப்பத்தைச் சொல்லிவிடலாம்.

கண்டுபிடித்த கதை

1970-களில் ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் எடுத்த சேற்றில் இனம் தெரியாத ஒரு கொழுப்புப் பொருள் முதலில் அகப்பட்டது. இது எந்த உயிரிலிருந்து வந்தது என்பது உடனே விளங்கவில்லை. 1980-ல் வோல்க்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த எமிலியானியாவில் அதே பொருளைக் கண்டனர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி எக்லிண்டன் என்ற வேதியியல் அறிஞரின் குழு இதைத் தொடர்ந்து ஆராய்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் எடுத்த ஒரு சேற்றுத் தூணில் மேலிருந்து கீழாக இந்த விகிதத்தை அளந்தபோது, பனியுகங்கள் வந்து போன தடம் அதில் வரிசையாகத் தெரிந்தது. பிராசல், எக்லிண்டன் முதலியோர் 1986-ல் இதை வெளியிட்டனர்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரால் அடுத்த வேலையைச் செய்தார். பாசியை 8 டிகிரி முதல் 25 டிகிரி வரை பல வெப்ப நிலைகளில் தனித்தனியாக வளர்த்து, எந்த வெப்பத்தில் என்ன விகிதம் என்று அளந்தார். விகிதம் ஒரே சீராக ஏறியது. பிறகு 1998-ல் ஜெர்மனியின் பிரேமன் நகர ஆராய்ச்சியாளர் மியூல்லரும் மற்றவர்களும் உலகக் கடல்களின் மேல்மட்டச் சேறு 370 மாதிரிகளைச் சோதித்து, அந்தந்த இடத்து இன்றைய கடல் வெப்பத்தோடு ஒப்பிட்டனர். கண்ணாடிக் குடுவையில் கிடைத்த கணக்கும் உலகக் கடலில் கிடைத்த கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.

கணக்கு எளியது. இரண்டு பிணைப்புள்ளதன் அளவை, இரண்டும் மூன்றும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். வந்த விகிதத்தில் 0.044 கழித்து, மீதியை 0.033 ஆல் வகுத்தால் டிகிரி செல்சியசில் வெப்பம் கிடைக்கும். மொத்தம் 100 பங்கில் 90 பங்கு இரண்டு பிணைப்பு என்றால் விகிதம் 0.90. அதற்குரிய வெப்பம் 25.9 டிகிரி. அதே தூணில் இன்னும் கீழே 84 பங்கு என்றால் 24.1 டிகிரி. அந்தக் கீழ்ச்சேறு படிந்த காலத்தில் கடல் இன்றைவிட ஏறத்தாழ 2 டிகிரி குளிர்ந்திருந்தது என்று பொருள். இம்முறையில் ஒன்றரை டிகிரி வரை பிசகு இருக்கலாம் என்று மியூல்லர் குழுவினரே கூறியுள்ளனர். ஒரே தூணுக்குள் மேலும் கீழும் ஒப்பிடும்போது இந்தப் பிசகின் ஒரு பகுதி கழிந்துவிடும்.

சேற்றை எடுப்பது எப்படி?

மண் பரிசோதனைக்கு ஆகர் கொண்டு நிலத்தில் மண் எடுப்பதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். அதே வேலைதான், கருவி மட்டும் பெரியது. தலையில் பெரும் பளு கட்டிய நீண்ட எஃகுக் குழாயைக் கப்பலிலிருந்து இறக்கிக் கடலடியில் குத்துகிறார்கள். குழாய்க்குள் சேறு உருளையாக ஏறிக்கொள்கிறது. கிணறு வெட்டும்போது மேலே வண்டல், கீழே செம்மண், அதற்கும் கீழே சுக்கான் என்று அடுக்கு தெரிவது போல, மேலே புதிய சேறும் கீழே பழைய சேறும் இருக்கும். உருளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆவணமாக வைத்துவிட்டு, மறுபாதியில் சென்டிமீட்டர் கணக்கில் துண்டு எடுக்கிறார்கள். துண்டை உலர்த்திப் பொடித்து, கரைப்பான் ஊற்றிக் கொழுப்பைப் பிரிக்கிறார்கள். தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலையில் நடப்பதும் இதுவே. பிரித்த கொழுப்பை காஸ் குரோமாட்டோகிராப் என்னும் கருவியில் செலுத்தினால் இரண்டு வகை ஆல்கீனோனையும் தனித்தனி அளவாகக் காட்டிவிடும்.

எந்தத் துண்டு எந்தக் காலம் என்பதை, அதே சேற்றில் உள்ள நுண்ணிய சிப்பி போன்ற ஓடுகளின் ரேடியோ கார்பனை அளந்து சொல்கிறார்கள். இது ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை உதவும். அதற்கும் பழையதானால் ஓட்டில் உள்ள ஆக்சிஜனின் வகைகளை வைத்துக் கணிக்கிறார்கள்.

கரையிலிருந்து தொலைவான ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் சேறுதான் படிகிறது. ஒரு சென்டிமீட்டர் துண்டு என்றால் சில நூறு ஆண்டுகளின் கலவை. போதாததற்கு, நிலத்தில் மண்புழு செய்வதைக் கடலடியில் அங்குள்ள புழுக்கள் செய்கின்றன. நமக்கு மண்புழு நண்பன், இவர்களுக்குத் தொல்லை. ஆனால் பாகிஸ்தான் கரையை ஒட்டிய அரபிக் கடலில் ஒரு வசதி இருக்கிறது. அங்கே சில நூறு மீட்டர் ஆழத்தில் நீரில் ஆக்சிஜன் இல்லாத அளவுக்குக் குறைந்துவிடுவதால் புழுக்கள் வாழ முடிவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் சேறு படிந்து, ஏட்டுச் சுவடி அடுக்கியது போலக் கலையாமல் இருக்கிறது.

நம் கடல்கள் சொல்வது

1990-ல் மாலத் தீவுகளுக்கு அருகே பிரெஞ்சு ஆராய்ச்சிக் கப்பல் எடுத்த ஒரு சேற்றுத் தூணை ரோஸ்டெக், பார்ட் முதலியோர் ஆராய்ந்து 1993-ல் முடிவை வெளியிட்டனர். 1,70,000 ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது. அவர்கள் செய்த உத்தி சுவையானது. நுண்ணிய ஓடுகளில் உள்ள ஆக்சிஜனின் வகை, நீரின் வெப்பம், நீரின் உப்பு, துருவப் பனியின் அளவு ஆகிய எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஆல்கீனோன் வெப்பத்தை மட்டும் தனியாகச் சொல்கிறது. ஆகவே மொத்தத்திலிருந்து வெப்பத்தின் பங்கையும் பனியின் பங்கையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது உப்பின் கணக்கு. உப்பு குறைந்தால் மழை நீரும் ஆற்று நீரும் அதிகம் கலந்தது என்று பொருள். வெப்பக் கணக்கிலிருந்து மழைக் கணக்குக்கு வழி பிறந்தது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, இந்துமாக் கடலின் வெப்பமண்டலப் பகுதி இன்றைவிட 1.5 முதல் 2.5 டிகிரி வரை குளிர்ந்திருந்தது என்று ஆல்கீனோன் ஆராய்ச்சிகள் காட்டின. அக்காலத்தில் தென்மேற்குப் பருவக் காற்று இன்றைவிட நலிந்திருந்தது என்பது பல வேறு சான்றுகளாலும் தெரிந்த செய்தி. பிறகு கடல் இந்த 2 டிகிரியை ஏறிக் கடக்கப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இப்போது மேற்கு இந்துமாக் கடல் 112 ஆண்டுகளில் 1.2 டிகிரி ஏறியிருப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: சேற்றுத் துண்டு சில நூறு ஆண்டுகளின் சராசரி, நடுவே குறுகிய காலத்தில் ஏறி இறங்கியிருந்தால் அதில் தெரியாமல் போகலாம். அப்படியிருந்தும் இரண்டு வேகத்துக்கும் உள்ள இடைவெளி அலட்சியம் செய்யத்தக்கது அன்று என்பதே நம் கருத்து.

கடல் சூடானால் மழை கூடும், குளிர்ந்தால் குறையும் என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா? கூடாது. ஓமான், சோமாலியா கரைகளில் நிலை நேர்மாறானது. அங்கே ஆனி, ஆடியில் பருவக் காற்று பலமாக வீசும்போது மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்தக் கரையில் கடல் குளிர்ந்தால் காற்று வலுத்தது என்று பொருள். ஆகையால் ஒரு தூணில் கண்ட வெப்பத்துக்கு, அது எந்த இடத்துத் தூண் என்று பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். மேலும் பருவக் காற்றை இழுப்பது நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம். நிலத்தைவிடக் கடல் வேகமாகச் சூடேறினால் வித்தியாசம் குறைந்து காற்று தளரும். மேற்கு இந்துமாக் கடல் சூடேறியது இந்தியாவின் சில பகுதிகளில் கோடைப் பருவ மழை குறைந்ததற்கு ஒரு காரணம் என்று ராக்ஸி குழுவினர் 2015-ல் எழுதியது இந்த அடிப்படையில்தான்.

குறைபாடுகள்

இந்த வெப்பமானிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது நம் கடல்களில்தான் பெரிதாகத் தெரிகிறது. மேலே சொன்ன கணக்குப்படி 28 டிகிரியில் 100-க்கு 97 பங்கு இரண்டு பிணைப்பாகிவிடுகிறது; 29 டிகிரியில் முழுவதும் அதுவே. அதற்கு மேல் கடல் எவ்வளவு சூடானாலும் விகிதம் அசையாது. நிரம்பிய மரக்காலில் மேலும் நெல் கொட்டினால் வழியுமே தவிர அளவு ஏறாது. சுமார் 24 டிகிரியைத் தாண்டியதுமே இதன் கூர்மை மங்கத் தொடங்குகிறது என்று அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிகா டியர்னியும் டிங்லியும் 2018-ல் காட்டினர். தமிழ்நாட்டுக்கு மழை தரும் வங்கக் கடல் ஐப்பசியில் 28, 29 டிகிரியில் இருக்கும் கடல். குளிர்ந்த காலத்தைச் சொல்வதில் கெட்டிக்காரனான ஆல்கீனோன், நாம் அதிகம் கேட்க விரும்பும் வெப்பக் காலத்தைப் பற்றிப் பேசுவதில் திக்குகிறது.

இதற்காக வேறு முறைகளும் வந்துள்ளன. நெதர்லாந்தின் டெக்ஸல் தீவில் உள்ள கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002-ல், பாசிக்குப் பதிலாக ஆர்க்கியா என்னும் நுண்ணுயிரிகளின் தோல் கொழுப்பைக் கொண்டு வெப்பம் காணும் டெக்ஸ் 86 என்ற முறையை அறிவித்தனர். இது 29 டிகிரியில் நின்றுவிடுவதில்லை. ஆனால் அந்த நுண்ணுயிரிகள் மேல்பரப்பில் மட்டுமின்றி ஆழத்திலும் வாழ்வதால் எந்த மட்டத்து வெப்பம் என்ற கேள்வி எழுகிறது. நுண்ணிய ஓடுகளில் கலந்துள்ள மக்னீசியத்தின் அளவை வைத்துக் காணும் முறை இன்னொன்று. ஒரே சேற்றில் இரண்டு மூன்று முறைகளை ஒப்பிட்டு, ஒத்துப்போனால் ஏற்பதே இன்றைய வழக்கம்.

சேறு இடம் மாறுவதும் உண்டு. அட்லாண்டிக் கடலில் பெர்முடாவுக்கு அருகே ஒரே துண்டில் எடுத்த ஆல்கீனோன், அதனுடன் இருந்த ஓடுகளைவிட 7,000 ஆண்டுகள் வரை மூத்ததாக இருந்தது 2002-ல் தெரியவந்தது. வேறிடத்துப் பழைய சேற்றை நீரோட்டம் அடித்து வந்து கலந்துவிட்டதே காரணம்.

கோதாவரி முகத்துவாரத்தில் இலை மெழுகு

பாசிக் கொழுப்பு கடலைப் பற்றிச் சொன்னால், இலை மெழுகு நிலத்தைப் பற்றிச் சொல்கிறது. வாழை இலையின் அடியிலும் சோளத் தட்டையிலும் வெண்மாவு போல ஒட்டியிருப்பது மெழுகு. சேப்ப இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதும் மெழுகினால்தான். இந்த மெழுகு காற்றிலும் ஆற்றிலும் சென்று கடலடிச் சேற்றில் சேர்கிறது. அங்கே எளிதில் அழிவதில்லை. சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு போன்றவையும் வறண்ட வெளிகளின் புற்களும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும் முறை வேறு; நெல், பயறு, பருத்தி, மரங்கள் எடுக்கும் முறை வேறு. முதல் வகையின் மெழுகில் கார்பன் 13 என்ற சற்றுக் கனமான கார்பன் கூடுதலாக இருக்கும். ஆகவே சேற்றில் உள்ள மெழுகை அளந்தால் ஆற்றுப் படுகையில் எந்த வகைச் செடிகள் மிகுந்திருந்தன என்று தெரியும்.

2006-ல் கோதாவரி முகத்துவாரத்துக்கு அப்பால் எடுத்த சேற்றுத் தூணில் இதைச் செய்து பார்த்தார்கள். போன்டன், ஜியோசன் முதலியோர் 2012-ல் வெளியிட்ட முடிவுப்படி, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து வறட்சி தாங்கும் செடிகள் பெருகின. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் மேலும் ஒரு முறை பெருகின. தக்காணத்தில் மக்கள் ஓரிடத்தில் தங்கிப் பயிர் செய்யும் வாழ்க்கை பரவியது இப்படி நாடு வறண்டுகொண்டிருந்த காலத்தில் என்பது அவர்கள் கூறும் விளக்கம். இந்த ஆராய்ச்சியில் பங்குகொண்ட டிமத்தி எக்லிண்டன், மேலே கூறிய ஜெப்ரி எக்லிண்டனின் மகன். தகப்பனாரும் 1967-லேயே இலை மெழுகைப் பற்றி எழுதியவர்.

இந்த ஆண்டு எப்போது விதைக்கலாம், எந்த ரகம் போடலாம் என்பதற்குச் சேற்றில் விடை இல்லை. அதற்கு வானிலை நிலைய அறிவிப்பையும் உள்ளூர் மழைக் கணக்கையும்தான் பார்க்க வேண்டும். இதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. வருங்கால மழையைக் கணிப்பொறியில் கணித்துச் சொல்பவர்கள், அதே கணிப்பொறி 20,000 ஆண்டுகளுக்கு முந்திய கடலைச் சரியாகச் சொல்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்க்கிறார்கள். சேற்றுக் கணக்கோடு ஒத்துப்போகாத கணிப்பை நம்பி அணையோ வாய்க்காலோ திட்டமிட முடியாது. தென்னந்தோப்பு வைப்பவருக்கும் ஆழ்குழாய்க் கிணறு போடுபவருக்கும் முப்பது, நாற்பது ஆண்டுக் கணக்கு வேண்டியிருக்கிறது.

2014 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை, பன்னாட்டுத் திட்டத்தின்கீழ் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் பருவ மழை ஆராய்ச்சிக்காகவே தூண்களை எடுத்தது. 2015-ல் அரபிக் கடலிலும் துளையிட்டது. அந்தக் கப்பலின் பணி 2024-ல் முடிந்துவிட்டது. எடுத்த தூண்கள் ஜப்பானில் உள்ள கோச்சி என்ற ஊரில் (நம் கேரளத்துக் கொச்சி அன்று) குளிர் அறைகளில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் விண்ணப்பித்து, ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவு துண்டு பெற்றுக்கொள்ளலாம்.